குவாண்டம் இயற்பியலும் நனவும்

குவாண்டம் இயற்பியலுக்கும் நனவுக்கும் (உணர்வுநிலை, பிரக்ஞை) இடையேயான தொடர்பு என்பது 1920களின் இறுதியிலிருந்து இயற்பியலாளர்களாலும் மெய்யியலாளர்களாலும் விவாதிக்கப்பட்டு வரும் ஒரு கேள்வி ஆகும். அணு, எதிர்மின்னி (எலக்ட்ரான்), ஒளியன் (போட்டான்) போன்ற நுண்பொருட்களை அளவிடும்போது அவற்றின் நிலை மாறுவதாகக் குவாண்டம் கோட்பாடு கூறுகிறது. அளவிடுபவரின் மனமே இம்மாற்றத்துக்குக் காரணமா, அல்லது அளக்கும் கருவியே போதுமா என்பதே இக்கேள்வியின் கரு. இதற்கு மறுபக்கமாக, மூளையில் நனவு தோன்றுவதற்குக் குவாண்டம் நிகழ்வுகள் காரணமா என்ற கேள்வியும் உண்டு. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். எனினும் பொதுமக்களுக்கான நூல்களில் பெரும்பாலும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன.

தமிழ் வாசகர்களுக்கு இப்பொருள் வழக்கமாக "வேதாந்தம் அன்றே சொன்னதைக் குவாண்டம் இயற்பியல் இன்று மெய்ப்பித்துவிட்டது" என்ற வடிவிலேயே அறிமுகமாகிறது. இக்கூற்றை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, திருத்தணியில் பிறந்த மெய்யியலாளர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் ஆவார். குவாண்டம் விசையியல் உருவான அதே ஆண்டுகளில் வேதாந்தத்தை மேலைநாட்டினருக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் அவர். புதிய இயற்பியல் குறித்த விவாதங்களை அவர் அறிந்திருந்தார். ஆயினும் தம் மெய்யியலை அதன்மேல் கட்டவில்லை.

சிக்கலின் தோற்றம்

1900ஆம் ஆண்டில் மாக்சு பிளாங்க், வெப்பக் கதிர்வீச்சின் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகிறது எனக் கொண்டால்தான் சோதனை முடிவுகளை விளக்க முடியும் எனக் காட்டினார். அப்பொட்டலமே குவாண்டம் (குவையம்) எனப்படுகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியே அவ்வாறான பொட்டலங்களால் ஆனது என்றார். 1925இல் ஐசன்பர்க்கும், 1926இல் எர்வின் சுரோடிங்கரும் இக்கருத்துகளுக்கு முழுமையான கணித வடிவம் அளித்தனர். சுரோடிங்கரின் வடிவத்தில் ஒரு நுண்துகளின் நிலை அலைச் சார்பு என்னும் கணிதப் பொருளால் குறிக்கப்படுகிறது. அதே 1926இல் மாக்சு போர்ன், அலைச் சார்பு துகள் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை என்றும், அது எங்கே அகப்படக்கூடும் என்பதற்கான நிகழ்தகவை மட்டுமே தருகிறது என்றும் விளக்கினார்.

இதில் உள்ள வியப்பை இரட்டைப் பிளவுச் சோதனையைக் கொண்டு எளிதில் புரிந்துகொள்ளலாம். அருகருகே இரு குறுகிய பிளவுகள் உள்ள தடுப்பை நோக்கி எதிர்மின்னிகள் அனுப்பப்படுகின்றன. தடுப்புக்குப் பின்னால் உள்ள திரையில் ஒவ்வொரு எதிர்மின்னியும் ஒரே ஒரு புள்ளியாகவே பதிகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தபின், குளத்தில் இரண்டு இடங்களில் எழுந்த அலைகள் குறுக்கிடும்போது தோன்றுவது போன்ற வரிக்கோலம் தெரிகிறது. எதிர்மின்னிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே கருவிக்குள் இருக்குமாறு அனுப்பினாலும் இக்கோலம் தோன்றுகிறது. சப்பான் நாட்டின் அகிரா டோனோமுராவும் அவரது குழுவினரும் 1989இல் இதனைத் தெளிவாகக் காட்டினர். இனி, எதிர்மின்னி எந்தப் பிளவின் வழியே சென்றது என்று கண்டறியும் கருவி ஒன்றைப் பிளவின் அருகே பொருத்தினால் வரிக்கோலம் மறைந்துவிடுகிறது.

"பார்த்தால் மாறுகிறது" என்று இதனைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். பின்னால் வந்த குழப்பங்களில் பாதி, "பார்த்தல்" என்ற இந்த ஒரு சொல்லிலிருந்தே பிறந்தவை எனலாம்.

சுரோடிங்கரின் சமன்பாட்டின்படி அலைச் சார்பு இடையறாது, சீராக மாறிச் செல்கிறது. அளவீட்டின்போதோ அது பல வாய்ப்புகளிலிருந்து ஒன்றேயொன்றாகச் சட்டெனக் குறுகுகிறது. இக்குறுக்கம் (அலைச் சார்பின் சரிவு) அச்சமன்பாட்டிலிருந்து கிடைப்பதில்லை. தனி விதியாகச் சேர்க்கப்பட வேண்டியுள்ளது. அளவீடு என்பதும் அணுக்களால் ஆன கருவி ஒன்றின் செயல்தானே, அதற்கு மட்டும் ஏன் தனி விதி என்பதே அளவீட்டுச் சிக்கல் எனப்படுகிறது.

நனவு நுழைந்த இடம்

1932இல் கணிதவியலாளர் யோன் வான் நியூமன் குவாண்டம் விசையியலின் கணித அடிப்படைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். துகளை ஒரு கருவி அளக்கிறது. அக்கருவியை வேறொரு கருவி அளக்கலாம். அதனைக் கண்ணும், கண்ணின் நரம்பை மூளையும் "அளக்கின்றன" எனக் கொள்ளலாம். இச்சங்கிலியில் குறுக்கம் எந்தக் கண்ணியில் நிகழ்ந்தது எனக் கொண்டாலும் கணக்கின் விடை மாறுவதில்லை என்று அவர் காட்டினார். ஆகவே வெட்டுக்கோட்டைச் சங்கிலியின் கடைசி வரை, நோக்குநரின் அகம் வரை, தள்ளிச் செல்ல இயலும். இயலும் என்பதற்கும் தள்ளியே ஆகவேண்டும் என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது.

1939இல் பிரிட்சு இலண்டன், எட்மண்ட் பவுவர் ஆகிய இருவரும் அளவீட்டை நிறைவு செய்வது நோக்குநரின் நனவே என்ற திசையில் எழுதினர். 1961இல் யூசின் விக்னர் இக்கருத்தை வெளிப்படையாக முன்வைத்தார். "விக்னரின் நண்பர்" என வழங்கும் சிந்தனைச் சோதனை அவருடையது. மூடிய ஆய்வகத்துக்குள் நண்பர் ஒருவர் ஒரு துகளை அளந்துவிட்டார். வெளியே நிற்கும் விக்னர் முடிவை இன்னும் கேட்கவில்லை. கோட்பாட்டை அப்படியே பின்பற்றினால், அவர் கேட்கும்வரை நண்பரும் இரு முடிவுகளையும் கண்ட கலவை நிலையில் இருப்பதாக விக்னர் எழுத வேண்டும். ஓர் உயிருள்ள மனிதரைப் பற்றி அவ்வாறு கூறுவது அபத்தம் என்பதால், நனவுள்ள உயிரிடம் அலைச் சார்பு குறுகிவிடுகிறது என விக்னர் கருதினார். பின்னாளில், 1970 முதல் டீட்டர் செய் எழுதிய ஆய்வுகளை அறிந்தபின், விக்னர் இந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். அவர் பெயரைச் சான்றாகக் காட்டுவோர் இப்பிற்பகுதியைக் குறிப்பிடுவது அரிது.

திருத்தணியும் இராதாகிருஷ்ணனும்

திருத்தணி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்த மலைக்கோயில் நகரம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள் மலைமீதுள்ள கோயிலுக்குச் செல்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த இவ்வூர், 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

இராதாகிருஷ்ணன் இங்கு 1888 செப்டம்பர் 5 அன்று தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருத்தணி, திருப்பதி, வேலூர் ஆகிய ஊர்களில் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் படித்தார். வேதாந்தத்தின் அறவியல் பற்றிய ஆய்வுரையை 1908இல் வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் மைசூரிலும் பணியாற்றிய பின்னர் 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொறுப்பேற்றார்.

அதே பல்கலைக்கழகத்தில் அப்போது இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் சி. வி. இராமன். இருவரும் 1888இல் பிறந்தவர்கள். 1954இல் முதன்முறையாகப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டபோது இராஜாஜியுடன் அதனைப் பெற்றவர்களும் இவ்விருவரே. 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, ஒளியன் மூலக்கூறுடன் ஆற்றலைக் குறிப்பிட்ட அளவுகளில் பரிமாறிக்கொள்வதைக் கண்கூடாகக் காட்டியது. எனவே குவாண்டம் இயற்பியல் இராதாகிருஷ்ணனுக்குத் தொலைதூரச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

1929-30இல் இங்கிலாந்தில் அவர் ஆற்றிய இப்பர்ட் சொற்பொழிவுகள் "ஓர் இலட்சியவாதியின் வாழ்க்கை நோக்கு" என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1932இல் வெளிவந்தன. வான் நியூமனின் நூல் வெளிவந்ததும் இவ்வாண்டிலேயே. அக்காலத்தில் இங்கிலாந்தின் முன்னணி வானியலாளர் ஆர்தர் எடிங்டன், உலகின் மூலப்பொருள் மனத்தின் தன்மை உடையது என்று 1928இல் வெளியான நூலில் எழுதியிருந்தார். சேம்சு சீன்சு 1930இல், பேரண்டம் ஓர் எந்திரத்தை விட ஓர் எண்ணத்தையே ஒத்திருக்கிறது என்ற கருத்தைப் பரப்பினார். ஆன்மாவே இறுதி உண்மை எனக் கூறும் வேதாந்தி ஒருவருக்கு இதைவிட ஏற்ற தருணம் வாய்த்திருக்காது.

இராதாகிருஷ்ணன் அவ்வாறு செய்யாததற்கான காரணம் நூலின் அமைப்பிலேயே தெரிகிறது. இலட்சியவாதம் என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களை அவர் முதலிலேயே பிரித்துக் காட்டுகிறார். பொருட்கள் யாவும் நம் மனத்தில் தோன்றும் படிமங்களே என்பது ஒரு வகை. இது அயர்லாந்து மெய்யியலாளர் பெர்க்லியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. தம்முடையது அதுவன்று என்கிறார் இராதாகிருஷ்ணன். உலகிற்குப் பொருளும் நோக்கமும் மதிப்பும் உண்டு என்பதே அவர் கொள்ளும் இலட்சியவாதம். பார்ப்பவர் இல்லாவிட்டால் பொருள் இல்லை என்று அது கூறவில்லை.

எட்டு அத்தியாயங்கள் கொண்ட அந்நூலில் சமய அனுபவம் மூன்றாவதாகவும், அறிவும் உள்ளுணர்வும் நான்காவதாகவும், மனிதனுள் உள்ள ஆன்மா ஐந்தாவதாகவும் பேசப்படுகின்றன. சடம், உயிர், மனம் பற்றிய அத்தியாயம் ஆறாவது. அதாவது, இயற்பியல் பேச்சுக்கு வரும் முன்னரே ஆன்மாவைப் பற்றிய வாதம் அமைந்துவிடுகிறது. ஆறாம் அத்தியாயத்தில் புதிய இயற்பியல் அவருக்குத் தரும் பயன் அளவானது: சடப்பொருள் என்பது 19ஆம் நூற்றாண்டினர் எண்ணியதுபோல் கடினமான, மாறாத சிறு குண்டுகள் அல்ல என்று அது காட்டுகிறது. சடத்திலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும், மனத்திலிருந்து தன்னுணர்வும் படிப்படியாக வெளிப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியின் விதிகளால் மட்டும் விளக்கிவிட முடியாத புதுமை உண்டு என்பதே அவர் கருத்து. அன்னம், பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் எனத் தைத்திரீய உபநிடதம் கூறும் அடுக்கமைப்பை இது நினைவூட்டும்.

இவ்வாறு பார்த்தால், எதிர்மின்னியின் அருகிலேயே மனத்தைத் தேடுவது இராதாகிருஷ்ணனின் படிநிலைக்கு உதவுவதைக் காட்டிலும் அதனைக் குலைப்பதாகவே அமையும். எனினும் அவரது நோக்கிலும் குறை உண்டு. உள்ளுணர்வை அறிவின் தனி வழியாகக் கொள்ளும் ஒருவருடன் அதனை ஏற்காதவர் எவ்வாறு வாதிடுவது என்பதற்கு அவரிடம் தெளிவான விடை இல்லை.

நோக்குநரும் சாட்சியும்

குவாண்டம் கோட்பாட்டின் "நோக்குநர்" என்பவரும் இந்திய மெய்யியலின் "சாட்சி" என்பதும் ஒன்றே என்று பல நூல்கள் எழுதுகின்றன. இது சொல் ஒற்றுமையால் விளைந்த மயக்கம். குவாண்டம் அளவீட்டின் தனித்தன்மையே, அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளை மாற்றுவது. அத்வைதத்தில் சாட்சி என்பது எதையும் செய்யாதது. காட்சிகள் மாறினும் தான் மாறாதது, அவற்றை மாற்றாதது. சாங்கியத்தின் புருடனும் செயலற்றவனே. மாற்றங்கள் யாவும் பிரகிருதியைச் சேர்ந்தவை. ஒரு துகளின் நிலையைக் குறுக்கும் சாட்சி, இவ்வரையறையின்படி சாட்சியாக இருக்க இயலாது.

மனம் என்ற சொல்லிலும் இதே இடர் உள்ளது. மேலைநாட்டு விவாதத்தில் மனமும் நனவும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில், சடப்பொருளுக்கு எதிராக நிற்கின்றன. சைவ சித்தாந்தத்திலோ மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் நான்கும் முப்பத்தாறு தத்துவங்களுள் அடங்குவன. அவை மாயையிலிருந்து தோன்றிய சடம். அறிவுடையது ஆன்மா மட்டுமே. எனவே "மனம் பொருளைப் பாதிக்கிறது" என்று ஓர் ஆய்வு என்றேனும் காட்டினாலும், ஒரு சித்தாந்தி அதனைச் சடம் சடத்தைப் பாதிப்பதாகவே எடுத்துக்கொள்வார்.

வெளியுலகம் என ஒன்றில்லை, அறிவின் தோற்றமே எல்லாம் என்று வாதிட்ட பௌத்த விஞ்ஞானவாதிகளை மறுத்தவர்களுள் சங்கரர் முதன்மையானவர். தூணைக் காண்பவர் தூணையே காண்கிறார், தம் காட்சியைக் காண்பதில்லை என்ற போக்கில் பிரம்மசூத்திர உரையில் அவரது வாதம் அமைகிறது. "உலகம் நம் பார்வையால் உண்டாகிறது" என்ற இன்றைய பரப்புரைக்குச் சங்கரரைத் துணைக்கு அழைப்பவர்கள் இப்பகுதியை வாசிப்பது நல்லது.

ஆய்வகம் காட்டுவது

மனிதர் எவரும் பாராமலே குவாண்டம் கோலம் மறையுமா என்பதைச் சோதித்து அறிய முடியும். வியன்னாவில் அன்டன் சைலிங்கர், மார்க்கசு ஆர்ண்ட் ஆகியோரின் குழு 1999இல் 60 கரிம அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளே அலைபோல் குறுக்கிடுவதைக் காட்டியது. 2004இல் வெளியிட்ட தொடர்ச் சோதனையில் அவர்கள் 70 கரிம அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சீரொளி (லேசர்) கொண்டு சூடாக்கினர். சூடான மூலக்கூறு, செந்தணல் போல, ஒளியன்களை உமிழும். அவ்வொளியன்களைப் பிடிக்கக் கருவி எதுவும் வைக்கப்படவில்லை. அவை ஆய்வகத்தில் எங்கோ சென்று மறைந்தன. ஆயினும் வெப்பம் கூடக்கூட வரிக்கோலம் மங்கி, இறுதியில் அழிந்தது. மூலக்கூறு எவ்வழியே சென்றது என்னும் தகவல் ஒளியன்களின் வாயிலாகச் சூழலுக்குக் கசிந்ததே போதுமானதாயிற்று.

இவ்வாறு சூழலுடன் பின்னிப்பிணைவதால் அலைத்தன்மை வெளித்தெரியாமல் போவதை ஒத்திசைவுச் சிதைவு என்பர். காற்று மூலக்கூறுகளும் வெப்பக் கதிர்வீச்சும் ஒவ்வொரு நொடியும் நம்மைச் சுற்றியுள்ள பொருட்களை இவ்வாறு "அளந்து"கொண்டே இருக்கின்றன. டீட்டர் செய் தொடங்கிய இவ்வாய்வை 1980களில் வோய்செக் சூரெக் விரிவாக்கினார். சுரோடிங்கரின் பூனை உயிரோடும் இறந்தும் ஒருங்கே காணப்படாமைக்கு இது காரணம் தருகிறது.

இந்தியத் தொடர்புடைய மற்றொரு முடிவும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து, இராதாகிருஷ்ணன் பயின்ற அதே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்றவர் எ. சி. ஜார்ஜ் சுதர்சன். (கல்லூரி இதற்குள், 1937இல், தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்தது.) பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவர் இவர். பைத்தியநாத் மிசுராவுடன் இணைந்து 1977இல் இவர் குவாண்டம் சீனோ விளைவை முன்வைத்தார். நிலைமாறும் இயல்புடைய ஒரு குவாண்டம் அமைப்பை மிக விரைவாக, திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்துவிடும் என்பதே இதன் சாரம். பார்த்துக்கொண்டே இருந்தால் பால் பொங்காது என்னும் வீட்டுப் பேச்சு இங்கே கோட்பாடாகிவிட்டது போலத் தோன்றும். 1990இல் அமெரிக்காவில் வெய்ன் இட்டானோவும் குழுவினரும் பெரிலிய மின்மங்களைக் கொண்டு இதனைச் சோதித்துக் காட்டினர். அங்கே "பார்த்தது" மனிதக் கண்ணன்று. குறித்த இடைவெளியில் பாய்ச்சப்பட்ட சீரொளித் துடிப்புகள். வேதாந்தத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த சுதர்சன் முன்வைத்த இவ்விளைவு, நனவு எதனையும் வேண்டாமலே இயங்குவது கவனிக்கத்தக்கது.

ஒத்திசைவுச் சிதைவு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. வாய்ப்புகள் ஒன்றோடொன்று குறுக்கிடாமல் பிரிவதை அது விளக்குகிறது. அவற்றுள் இந்த ஒன்று ஏன் நடந்தது என்பதை விளக்குவதில்லை. இவ்விடத்தில் இயற்பியலாளர்கள் பிரிகின்றனர். இயூ எவரெட் (1957) எல்லா வாய்ப்புகளும் நடப்பதாகவே கொண்டார். டேவிட் போம் (1952) துகளுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டென்றார். கிரார்டி, ரிமினி, வெபர் (1986) குறுக்கம் தானாகவே இடையிடையே நிகழ்வதாகச் சமன்பாட்டையே மாற்றினர். இம்மூன்றிலும் நனவுக்குத் தனிப்பணி இல்லை.

மறுபக்கக் கேள்வி: மூளையில் குவாண்டம்

ஆங்கிலேயக் கணித இயற்பியலாளர் ரோசர் பென்ரோசு 1989இலும் 1994இலும் எழுதிய நூல்களில் கேள்வியைத் தலைகீழாக்கினார். நனவு குறுக்கத்தை உண்டாக்கவில்லை. ஈர்ப்பு விசையோடு தொடர்புடைய குறுக்கமே நனவுக்கு அடிப்படை என்றார். மயக்கவியல் மருத்துவர் சுடூவர்ட் ஆமராப்புடன் சேர்ந்து, நரம்பணுக்களுக்குள் உள்ள நுண்குழல்களில் இது நிகழ்வதாக முன்மொழிந்தார். இதற்கு எழுந்த முதன்மையான எதிர்ப்பு வெப்பம் பற்றியது. மாக்சு தெக்மார்க் 2000இல் செய்த கணக்கின்படி, உடல் வெப்பநிலையில் மூளையின் குவாண்டம் ஒத்திசைவு 10⁻¹³ நொடிக்குள் சிதைந்துவிடும். நரம்பணுக்களின் வேலைக்கோ 10⁻³ நொடியாவது வேண்டும். ஆமராப் தரப்பினர் அக்கணக்கின் அடிப்படைகளை மறுத்துள்ளனர். இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில் நடத்தப்பட்டு 2020இல் முடிவு வெளியான சோதனை, ஈர்ப்புவழிக் குறுக்கக் கோட்பாட்டின் மிக எளிய வடிவத்துக்கு எதிராக அமைந்தது. பென்ரோசு 2020இல் நோபல் பரிசு பெற்றது கருந்துளை பற்றிய ஆய்வுக்காகவே. நனவுக் கோட்பாட்டுக்காக அன்று.

கிழக்கும் மேற்கும்

சுரோடிங்கர் வேதாந்தத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார். நனவு ஒன்றே, அது பன்மையில் இல்லை என்ற கருத்தை 1925இல் எழுதிய கட்டுரையிலும், 1944இல் வெளியான "உயிர் என்பது என்ன?" எனும் நூலின் முடிவுரையிலும் வெளிப்படுத்தினார். ஆனால் அதனைத் தம் சமன்பாட்டின் முடிவாக அவர் கூறவில்லை. நோக்கும்வரை பொருளுக்குத் திட்டமான நிலை இல்லை என்பதன் அபத்தத்தைச் சுட்டவே 1935இல் பூனைக் கதையை உருவாக்கினார்.

ஐசன்பர்க் 1929இல் கல்கத்தா வந்து இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார். இந்தியச் சிந்தனையிலிருந்தே அவர் நிச்சயமின்மைக் கொள்கையைப் பெற்றார் என்று சிலர் எழுதுவதுண்டு. அக்கொள்கை 1927இலேயே வெளியாகிவிட்டதால் இதற்கு இடமில்லை.

திருத்தணி அன்று இருந்த சித்தூர் மாவட்டத்தின் மற்றோர் ஊரான மதனப்பள்ளியில் 1895இல் பிறந்தவர் சே. கிருஷ்ணமூர்த்தி. (அவர் பிறந்தபோது அவ்வூர் கடப்பை மாவட்டத்தில் இருந்தது.) இயற்பியலாளர் போம் இவருடன் 1960களிலிருந்து உரையாடி வந்தார், 1980இல் நடந்த உரையாடல்கள் 1985இல் நூலாயின. இயற்பியலைக் கொண்டு மெய்ஞ்ஞானத்தை நிறுவும் முயற்சியை அந்நூலில் தேடுபவர் ஏமாறுவர். எண்ணம், காலம், தன்முனைப்பு ஆகியவையே அங்குப் பேசப்படுகின்றன.

பிரிட்சோவ் காப்ரா 1975இல் வெளியிட்ட "இயற்பியலின் தாவோ" என்ற பொருள்படும் நூல், துகள்களின் ஓயாத இயக்கத்தை நடராசரின் ஆடலோடு ஒப்பிட்டது. செனீவாவுக்கு அருகே உள்ள அணு ஆய்வு நிறுவனமான செர்ன் வளாகத்தில் 2004இல் இந்தியா அளித்த நடராசர் சிலை நிறுவப்பட்டது. உவமை என்ற அளவில் அது அழகானது. உவமையைச் சான்றாக மாற்றும்போதுதான் "குவாண்டம் சிகிச்சை", "குவாண்டம் நீர்" போன்ற விற்பனைப் பொருட்கள் தோன்றுகின்றன. எண்ணத்தால் அணுக்களை மாற்றி நோயைக் குணமாக்கலாம் என்பதற்குக் குவாண்டம் கோட்பாட்டில் எவ்வித ஆதரவும் இல்லை. இதனை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அண்மைய ஆய்வுகள்

விக்னரின் நண்பர் பற்றிய வினா மீண்டும் உயிர்பெற்றுள்ளது. 2018இல் தனியெலா பிரவுகிகர், ரெனாட்டோ ரென்னர் ஆகியோர், குவாண்டம் கோட்பாட்டைப் பயன்படுத்தும் பல நோக்குநர்கள் ஒருவரையொருவர் விவரிக்கும்போது முரணான முடிவுகளுக்கு வரக்கூடும் எனக் காட்டினர். 2019இல் எடின்பரோவில் ஆறு ஒளியன்களைக் கொண்டு இத்தகைய சோதனை ஒன்று நடத்தப்பட்டது. அதில் "நண்பர்" ஓர் ஒளியனே; ஓர் ஒளியனை நோக்குநர் எனக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. ஆத்திரேலியாவின் ஓவர்ட் வைசுமன் உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்ட கட்டுரை, மனிதருக்கு இணையான செயற்கை அறிவை ஒரு பெரிய குவாண்டம் கணினியில் இயக்கி, அதனையே நண்பராக வைத்துச் சோதிக்கலாம் என முன்மொழிகிறது. அதற்குத் தேவையான கணினி இன்னும் உருவாக்கப்படவில்லை.